சின்ன கிடாரின் மூலப்பத்திரம்

டிரான்ஸ்ஃபர் உத்தியோகத்தில் இருப்பவன் எந்தச் சாமான் வாங்கினாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். லாரியில் அடிபடாமல் வருமா? அடுத்த வாடகை வீட்டில் வைக்க இடம் இருக்குமா? என் மனைவியின் வீணை இந்த இரண்டிலுமே ஃபெயில். அசல் தஞ்சாவூர் வீணை, பலா மரம், நாலடி நீளம். (2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே தஞ்சாவூர் வீணைதான்.) கும்பகோணத்தில் மாமியார் வீட்டில் துணி போர்த்திப் பத்திரமாக இருக்கிறது. லீவில் போகும்போது அவள் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். கல்யாணத்துக்கு முன் தினமும் வாசித்தவள்.

இப்போது மகள் கிடார் வேண்டும் என்கிறாள். எட்டாவது படிக்கிறாள். கச்சேரி செய்ய அல்ல, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து சும்மா வாசிக்க. மட்டாஞ்சேரியில் இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். "சார், பெரிசா வேண்டாம், விலையும் கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம்?" என்று பாஸ்புக் என்ட்ரி போட வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள்.

நான் பி.காம். சரிகம தெரியாது. ஆனால் லோன் கொடுக்கும் முன் மூலப்பத்திரம் பார்ப்பது தொழில் பழக்கம். கிடாருக்கும் அதைத்தான் செய்தேன். கடையில் சின்ன கிடாரைக் காட்டி, "இது பசங்களுக்கு, கொஞ்ச நாள் கழித்துப் பெரிசு வாங்கிக்கணும்" என்கிறார்கள். பத்திரங்களைப் புரட்டினால் விஷயம் நேர் தலைகீழாக இருக்கிறது. சின்னதுதான் மூத்தது. பெரிசு பின்னால் வந்தது.

போர்ச்சுகீசியர் விட்டுப் போனது

நான் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கப்ரால் கொச்சிக்கு வந்தது 1500-ல். 1503-ல் கோட்டை கட்டினார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் பிடிக்கும் வரை 160 வருஷம் போர்ச்சுகீசியர்தான். ஜன்னல், அலமாரி, சாவி, மேஜை எல்லாம் அவர்கள் கொடுத்த வார்த்தைகள். நாங்கள் பாங்கில் நகையை விடும் "ஏலம்" கூட அவர்களுடையதுதான்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் கிடார் என்றால் மடியில் குழந்தையை வைத்த மாதிரி இருக்கும். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் நான்கு ஜோடித் தந்தி போட்ட சின்ன உடம்புக் கிடார் புழக்கத்தில் இருந்தது. போர்ச்சுகலில் இந்தக் குடும்பத்து வாத்தியத்துக்கு "வியோலா" என்று பெயர். ஜன்னலும் சாவியும் தமிழுக்குள் வந்த மாதிரி வியோலா வரவில்லை. நாம் சொல்லும் கிடார் ஆங்கிலேயன் வழியாக வந்தது.

ஆனால் மட்டக்களப்பைப் பாருங்கள். தமிழ் பேசும் அந்த ஊரில் போர்ச்சுகீசிய வம்சாவளிப் பறங்கியர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் வயலினும் கிடாரும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா ஆட்டம் நடக்கும். ஆட்சி போய் முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் பாட்டு வீட்டுக்குள் தங்கிவிட்டது.

கரும்புத் தோட்டக் கப்பல்

நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள் கதை ஒன்று. 1860 நவம்பரில் "டுரூரோ" கப்பல் மதராஸிலிருந்து நம் ஆட்களை நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் டர்பனில் இறக்கியது. அதற்கு 19 வருஷம் கழித்து, 1879 ஆகஸ்ட் 23 அன்று, "ரேவன்ஸ்கிராக்" என்ற கப்பல் போர்ச்சுகலின் மடைரா தீவுக்காரர்களை ஹவாயில் இறக்கியது. அங்கேயும் கரும்பு, அங்கேயும் ஒப்பந்தக் கூலி. அந்தத் தீவு மக்களின் வாத்தியம் "மசேட்". கிடாரின் குட்டித் தம்பி, நாலே தந்தி, கையிடுக்கில் அடங்கும்.

அந்தக் கப்பலில் நூனஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சாண்டோ என்று மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். பின்னால் ஹொனலூலுவில் வாத்தியம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதுதான் யுகலேலி ஆனது. 1915-ல் சான்ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. மசேட் மட்டும் வீணை சைஸில் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? கூலிக்குப் போகிறவன் மூட்டையில் எது ஏறுமோ அதுதான் கடல் தாண்டும்.

ஏன் பெருத்தது?

கிறிஸ்டியான் ஃபிரெட்ரிக் மார்ட்டின் ஜெர்மனியில் மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊர்க்காரர். தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் கிடார் செய்யக் கூடாது என்று அந்த ஊர் வயலின்காரர்கள் சங்கம் மல்லுக்கு நின்றது. மார்ட்டின் 1833-ல் நியூயார்க் போய்விட்டார். (இவரும் நம்ம ஜாதி, புலம்பெயர்ந்த ஜாதி!) அவர் கம்பெனி 1850-களில் "0" என்ற சைஸ் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயர் கச்சேரி சைஸ். அகலமான இடத்தில் 13½ அங்குலம்தான். இன்றைக்கு அதைக் கடையில் பார்த்தால் "பொண்ணுங்களுக்கு நல்லா இருக்கும்" என்பார்கள்.

பிறகு 00 வந்தது, 1902-ல் 000 வந்தது. 1916-ல் டிட்சன் என்ற கடைக்காக மார்ட்டின் செய்தது எல்லாவற்றையும்விடப் பெரிசு, அகலம் 15½ அங்குலத்துக்கும் மேல். 1906-ல் பிரிட்டிஷ் கடற்படை இறக்கிய ராட்சதப் போர்க்கப்பலின் பெயரையே வைத்தார்கள்: டிரெட்நாட். காரணம் சத்தம்தான். மைக் பரவாத காலம். பாஞ்சோவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே கிடார் காதில் விழ வேண்டும். அதற்குப் பெரிய பெட்டி, இரும்புத் தந்தி.

கொஞ்ச வருஷத்தில் மைக் வந்துவிட்டது. காரணம் போய்விட்டது, சைஸ் மட்டும் நின்றுவிட்டது. சினிமாவில் கதாநாயகன் மலை உச்சியில் நின்று வாசிப்பதும் அந்த சைஸ்தான், நம் மனசில் "முழு கிடார்" என்று பதிந்ததும் அதுதான். நம் வீட்டு ஹாலோ பத்துக்குப் பன்னிரண்டு. அதற்கு எதற்குப் போர்க்கப்பல்?

1990-களில் பெரிய கம்பெனிகளுக்கே இது உறைத்தது. டெய்லர் கம்பெனி 1996-ல் "பேபி டெய்லர்" கொண்டுவந்தது. பின்னாலேயே மார்ட்டினின் "லிட்டில் மார்ட்டின்". எட் ஷீரன் அந்தச் சின்ன கிடாரை வைத்துக்கொண்டு அரங்கங்களை நிரப்பியதும், பசங்க வாத்தியம் என்ற பேச்சு அங்கே அடங்கியது.

நம் ஊர்ப் பக்கம்

மதராஸ் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கியது. ரொம்ப நாள் மேல்நாட்டு வாத்தியம் என்றால் துரைமார் வீடுகளும் பணக்கார வீடுகளும்தான். சாதாரண வீட்டுக்குக் கிடாரைக் கொண்டுவந்ததில் கொல்கத்தாவுக்குப் பெரிய பங்கு. 1940-களில் டாவ் மோ என்ற ஹவாய் இசைக்கலைஞர் குடும்பத்தோடு அங்கே தங்கி வாசித்தார். வங்காளிகள் ஹவாயன் கிடாரை மடியில் படுக்கவைத்து ரவீந்திர சங்கீதம் வாசிக்க ஆரம்பித்தார்கள். கிவ்சன், ஹாப்னர் போன்ற மலிவு விலைக் கிடார்கள் கொல்கத்தாவிலிருந்து வந்தவைதான். நம் தலைமுறையில் கிடார் தொட்ட பல பேருக்கு முதல் கிடார் அதில் ஒன்றாக இருக்கும். 2019-லிருந்து யமஹா சென்னை அருகே தொழிற்சாலை போட்டுக் கிடாரும் செய்கிறது.

ஆசையைக் கிளப்பியது யார் என்று சொல்லவே வேண்டாம். இளையராஜா லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிகல் கிடார் பரீட்சை எழுதித் தேறியவர். 1982-ல் "பயணங்கள் முடிவதில்லை" வந்தபோது கிடார் சத்தத்துக்காகவே ரேடியோ பக்கத்தில் காத்திருந்த அண்ணன்மாரை எனக்குத் தெரியும். இலங்கைத் தமிழர்கள் அதற்கும் முன்பே கிடாரோடு பொப்பிசை பாடிவிட்டார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தெரியாத யாழ்ப்பாணத்து வீடு உண்டா?

மட்டாஞ்சேரியின் அறைகள்

இங்கே வந்த பிறகு எனக்குப் புரிந்த ஒன்று இது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பாட்டு பெரும்பாலும் அறைப் பாட்டு. மாடியில் ஒரு சின்ன ரூம், பாய் விரித்து இருபது பேர், ஒரு ஹார்மோனியம், ஒரு தபலா. இந்த ஊர் மெஹ்பூப் பாய் (1981-ல் காலமானார்) சினிமாவிலும் பாடினார், ஆனால் ஊர் அவரை நினைப்பது கல்யாண வீட்டு மெஹ்ஃபிலை வைத்துத்தான். 2018-ல் காலமான கஸல் பாடகர் உம்பாயியும் மட்டாஞ்சேரிக்காரர்தான். கோடவுன்களில் மிளகும் சுக்கும் மணக்கும் இந்தத் தெருக்களில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எல்லாம் உண்டு. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். வீட்டுக்குள் கொண்டுவர முடிந்த பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

அந்த ஹார்மோனியத்தின் பூர்வீகமும் இதே கதைதான். ஐரோப்பாவில் காலால் மிதிக்கும் மேஜை சைஸ் வாத்தியம். 1875 வாக்கில் கொல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் ஊதுகிற பெட்டியாகச் சுருக்கினார். சின்னதானதால்தான் இந்தியா முழுக்கப் போனது. அதைக் குழந்தைகள் ஹார்மோனியம் என்று யாரும் சொல்வதில்லையே!

சரி, வாங்குவது எப்படி?

1. கடையில் "38 இஞ்ச்", "41 இஞ்ச்" என்பது கிடாரின் மொத்த நீளம். 41 என்றால் டிரெட்நாட் ரகம். கேட்க வேண்டியது தந்தி நீளம், அதாவது ஸ்கேல். டிரெட்நாட்டில் சுமார் 645 மி.மீ. பேபி டெய்லரில் 578. யமஹா ஜேஆர்2-வில் 540. அதே தந்தியை அதே சுருதிக்கு 645-க்குப் பதில் 578-ல் கட்டினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். விரல் நுனி வலி குறைந்தால் குழந்தை இரண்டாவது வாரமும் கிடாரை எடுக்கும். நஷ்டமும் உண்டு: கீழ் ஸ்தாயி கொஞ்சம் மெலியும், ரொம்பச் சின்னதில் பெரிய விரல்கள் நெருக்கியடிக்கும். பெரியவர்களும் வாசிப்பதென்றால் 38 இஞ்ச் ரகமோ 570-க்கு மேல் ஸ்கேலோ சௌகரியம்.

2. மரம். ஸ்பெயினில் டோரஸ் என்ற மேதை 1862-ல் முதுகையும் பக்கவாட்டையும் அட்டையில் செய்து, மேல் பலகை மட்டும் நல்ல மரம் போட்டு ஒரு கிடார் செய்தார். நாதம் மேல் பலகையில் இருக்கிறது என்று காட்டத்தான். ஆகவே காசு இருந்தால் மேல் பலகை ஒரே மரமாக இருப்பதற்குக் கொடுங்கள். ஆனால் கொச்சியில் ஒரு வில்லங்கம் உண்டு. கிடாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம், இங்கே மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டும். மிளகுக் கோடவுன்காரர் ஈரத்துக்குப் பயப்படுவது போலத்தான். பலகை உப்பினால் தந்தி மேலே எழும்பிவிடும். குறைந்த பட்ஜெட்டில், ஒட்டுப்பலகை கிடார் இந்த ஊர் மழையை நன்றாகவே தாங்கும். பையில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, வெளிச்சுவரில் சாய்க்காமல் வையுங்கள்.

3. தந்தி. நைலான் விரலுக்கு இதம், துருப்பிடிக்காது. சினிமாப் பாட்டுக்குத் தாளம் தட்டி வாசிக்க இரும்புத் தந்தி. நைலானுக்குச் செய்த கிடாரில் இரும்புத் தந்தி மட்டும் மாட்டாதீர்கள், பாலம் பெயர்ந்து வந்துவிடும்.

4. கடையிலேயே பரீட்சை. 12-ஆவது மெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? இரும்புத் தந்திக்கு 2-லிருந்து 3 மி.மீ. இருந்தால் நல்லது. அதே மெட்டில் அழுத்தினால் திறந்த தந்தியின் சுருதி அப்படியே மேல் ஸ்தாயியில் வர வேண்டும். ஃபோனில் இலவச டியூனர் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மெட்டாக அழுத்தி எங்காவது கரகரக்கிறதா என்றும் கேளுங்கள்.

5. பணம். மொத்தத் தொகையையும் கிடாரில் போட்டுவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை உறை, மாற்றுத் தந்தி, செட்டப் கூலிக்கு ஒதுக்குங்கள். உயரம் சரிசெய்த மலிவு கிடார், சரிசெய்யாத விலை உயர்ந்த கிடாரைவிட வாசிக்கச் சுகம். டெய்லர், மார்ட்டின் எல்லாம் இறக்குமதி, நம் கணக்குக்கு வெளியே. ஜேஆர்2 பத்தாயிரத்தைத் தாண்டும். அதற்குக் கீழே இந்திய பிராண்டு 38 இஞ்ச் ரகத்தில் நாலைந்து கிடாரை எடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே மாடலிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும், அதனால் பெட்டியைப் பிரிக்காமல் வாங்காதீர்கள்.

மிச்சமாகும் பணம் வாத்தியாருக்கு. எர்ணாகுளத்தில் ஃபாதர் ஆபேல் 1969-ல் தொடங்கிய கலாபவன் மாதிரி இடங்கள் எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் சர்ச்சில் வாசிக்கும் பையன் ஒருவனாவது எந்த ஊரிலும் கிடைப்பான்.

கொசுறு: வளைகுடாவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை எங்களுக்கு நேர் எதிர். ஏசி ரூமின் வறட்சியில் ஒரே மரப் பலகை வெடிக்கும், உறைக்குள் ஈரப்பஞ்சு டப்பா வையுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர்க்காரர்கள் மட்டாஞ்சேரி வைத்தியத்தையே பார்க்கலாம். கனடாவில் குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.