மருத்துவக் குழாய்களின் உட்புறத்தில் பிளாஸ்மா பூச்சு: கிருமி ஒட்டாமல் தடுப்பது எப்படி?

பெங்களூரு: அடுகோடியை ஒட்டி ஓசூர் சாலையில் அமைந்துள்ள நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நரம்பியல் மருத்துவமனைகளில், மூளையில் நீர் தேங்கும் குழந்தைகளுக்கு 'ஷன்ட்' எனப்படும் சிலிக்கோன் குழாய் பொருத்தப்படுகிறது. மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடியச் செய்யும் இக்குழாயின் உட்துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே.

உடல்நீரில் உள்ள புரதங்கள் முதலில் குழாயின் சுவரில் படிகின்றன. அவற்றின்மீது, தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா ஒட்டிக்கொண்டு உயிரிப்படலமாகப் பரவுகிறது. படலத்துக்குள் மருந்து எளிதில் வேலை செய்யாது என்பதால், பெரும்பாலும் குழாயை அகற்றி மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய நேரிடுகிறது.

இதற்கு நடைமுறையில் உள்ள தீர்வு, ரிஃபாம்பிசின், கிளிண்டாமைசின் ஆகிய மருந்துகள் ஊறிய குழாய்கள். பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளில் சுமார் 1,600 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், சாதாரணக் குழாய்களில் 6 சதவீதமாக இருந்த தொற்று, இவற்றில் 2 சதவீதமாகக் குறைந்தது. வெள்ளி கலந்த குழாய்கள் எந்தப் பலனும் தரவில்லை. எனினும் ஊறிய மருந்து நாளடைவில் தீர்ந்துவிடும்.

பிளாஸ்மா முறையின் நோக்கம் கிருமியைக் கொல்வதன்று, ஒட்டவிடாமல் செய்வது. குறைந்த அழுத்த வாயுவில் மின்புலம் செலுத்தி, பாலிஎத்திலீன் கிளைகாலை ஒத்த, நீரை ஈர்க்கும் மெல்லிய படலம் சுவரில் வளர்க்கப்படுகிறது. அந்த நீரடுக்கில் புரதம் பிடிப்புக் கொள்ளாது.

தட்டையான பரப்பில் எளிதான இந்த வேலை, நீண்ட குறுகிய குழாய்க்குள் கடினமாகிறது. எலெக்ட்ரான்கள் சுவரில் மோதி விரைவில் இழக்கப்படுவதால் பிளாஸ்மா நிலைப்பதில்லை. மூலப்பொருள் வாயு நுழைவாயிலிலேயே பெருமளவு செலவாகிவிடுவதால், பூச்சு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் அமைகிறது. குழாயை வெட்டிப் பார்த்தால்தான் இக்குறை தெரியவரும். சிலிக்கோனுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிஜன் பிளாஸ்மாவால் மட்டும் பதப்படுத்திய பரப்பு, உள்ளிருந்து சிறு மூலக்கூறுகள் மேலேறி வருவதால், சில நாள்களிலேயே நீரை விலக்கும் பழைய தன்மைக்குத் திரும்பிவிடும். மேலே தனிப் படலம் வளர்ப்பது இதனால்தான்.

விலையும் முக்கியமானது. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் மலிவான சாப்ரா ஷன்ட், உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் விலையுயர்ந்த அயல்நாட்டு ஷன்டுடன் ஒப்பிடப்பட்டது. 2005-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்போது அதன் விலை சுமார் 35 டாலராக இருந்தது. மற்றதன் விலை 650 டாலராக இருந்தது. புதிய பூச்சு எதுவாயினும், இந்தியச் சந்தையில் அத்தகைய மலிவான குழாயுடன்தான் போட்டியிட வேண்டியிருக்கும்.