இல்லத்தில் ஒரு வழங்கி: சிறு கணினியின் வரலாறு

உலகளாவிய வலையின் முதல் வழங்கி பெரியதொரு நிலையத்தில் அமைந்ததன்று. ஜெனீவாவை அடுத்த சேர்ண் ஆய்வுகூடத்தில், டிம் பேர்னர்ஸ் லீ என்பார் பயன்படுத்திய நெக்ஸ்ற் கணினியே 1990ஆம் ஆண்டில் அப்பணியைச் செய்தது. பிறர் வேண்டும் ஏடுகளை எடுத்து வழங்குதலின் அத்தகைய கணினி வழங்கி எனப்படும். எவரும் தவறி நிறுத்திவிடாதவாறு அதன்மேல் எச்சரிக்கைச் சீட்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. ஏட்டை எழுதியவரும் காத்தவரும் அங்கே ஒருவரே.

இந்நிலை நெடிது நிலைக்கவில்லை. பொதுமக்கள் தம் எழுத்தையும் படங்களையும் பெருநிறுவனங்களின் கணினிகளில் வைக்கலாயினர். எளிமையும் செலவின்மையும் இதற்குக் காரணங்களாம். ஆயின் பொருளை வைத்தவர் ஒருவர். இடத்துக்கு உரியவர் வேறொருவர். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜியோசிற்றீஸ் என்னும் சேவை அமெரிக்காவில் மூடப்பட்டபோது பல இலட்சம் பக்கங்கள் தம் இடத்தை இழந்தன. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி எஞ்சியது.

இதற்கு மாற்றாக அமைந்த கருவி வேறொரு நோக்கத்திற் பிறந்தது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கல்வித் திட்டத்துக்கென, கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகோர்ன் நிறுவனம் 1981இல் பி.பி.சி. மைக்றோ கணினியை ஆக்கியது. அந்நிறுவனத்தில் சோபி வில்சனும் ஸ்டீவ் பேர்பரும் வகுத்த ஆர்ம் செயலி 1985இல் உருவாயிற்று. இருபது ஆண்டுகள் கழிந்தபின், அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில விரும்புவோர் குறைந்தமை கண்டு இபென் அப்டன் முதலியோர் கவன்றனர். 2009இல் அவர்கள் அமைத்த அறநிலையம், 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் றாஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியை வெளியிட்டது. அதன் விலை 35 டொலர். நினைவகம் 256 மெகாபைற். வேண்டும் மின்வலு ஏறக்குறைய 3.5 வாற்று, செயலியோ ஆர்ம் மரபினது. இரவு பகலாக இயங்கினும் மின்செலவு சிறிதாகலின், மாணாக்கர்க்கென ஆக்கிய பலகை இல்லத்து வழங்கிக்கும் ஏற்றதாயிற்று.

இதனைத் தொடங்கும் முறை கடினமன்று. நினைவட்டையில் டெபியன் வழிவந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் பதித்தல் முதற்படி. அடுத்து, வீட்டு வலையமைப்பில் அக்கணினிக்கு மாறா முகவரியொன்றை ஒதுக்குதல் வேண்டும். பின்னர், 1995இல் தோன்றிய அப்பாச்சி, 2004இல் வெளிவந்த எஞ்சின்எக்ஸ் போன்ற வழங்கி மென்பொருளொன்றை நிறுவி, முதலில் வீட்டினுள்ளே மட்டும் பக்கங்களைக் காட்டிப் பழகுதல் நன்று. வெளியுலகுக்கு வாயிலைத் திறக்குமுன் கடவுச்சொல்லை மாற்றுதலும் மென்பொருளைப் புதுப்பித்தலும் இன்றியமையாதன. 2015இல் லெற்ஸ் என்கிறிப்ற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டமையால், செய்தியை மறைத்து அனுப்புதற்கு வேண்டும் சான்றிதழும் செலவின்றிக் கிடைக்கலாயிற்று.

எனினும் உரிமையோடு கடமையும் உடன்வருகின்றது. அட்டை பழுதுறலாம், மின்சாரம் தடைப்படலாம். படியெடுத்து வேறிடத்தில் வையாதவர், பிறர் வாயிலடைத்தபோது இழந்ததைத் தம் இல்லத்திலேயே இழப்பர். சேர்ணில் ஒட்டிய சீட்டு உணர்த்தியதும் இதுவே: வழங்கியைத் தம்மிடத்தில் வைப்பவரே அதன் காவலரும் ஆவர்.