2006: டீசல் ஜெயிச்ச வருஷம்

டீசல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனக்குக் கரும்புகை கக்கிட்டுப் போற பழைய டவுன் பஸ்தான். ஸ்கூல் படிக்கும்போது அதுக்குப் பின்னாடி சைக்கிள்ல போய், வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானதுதான் மிச்சம். அதனால ‘டீசல் ஸ்போர்ட்ஸ் கார்’னு முதல்ல கேட்டப்போ சிரிச்சுட்டேன். ஆனா 2006-ல நடந்ததைப் படிச்ச பிறகு சிரிப்பு நின்னு போச்சு.

அந்த வருஷம் ஜூன் மாசம், பிரான்ஸ்ல லு மான் 24 மணி நேரக் கார் பந்தயம். ஆடி நிறுவனம் ஆர்10 டிடிஐ-ங்கற காரை இறக்குச்சு. 5.5 லிட்டர் கொள்ளளவு, 12 சிலிண்டர், 650 குதிரைத்திறன், அத்தனையும் டீசல். பெட்ரோல் கார்கள் காது கிழியக் கத்திட்டுப் போற இடத்துல, இது பெருமூச்சு விட்ட மாதிரி கடந்து போச்சு. 380 சுற்று ஓடி முதலிடம். லு மான் வரலாற்றில் ஒரு டீசல் கார் வென்றது அதுவே முதல் முறை. 2007, 2008-லயும் அதே கார்தான் ஜெயிச்சுது.

எப்படி முடிஞ்சுது? டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கும். அழுத்தம் கூடக் கூட, அதே எரிபொருள்ல கிடைக்கிற வேலையும் கூடும். அந்த அழுத்தத்தைத் தாங்க இன்ஜின் கனமா இருக்கணும். அதனாலதான் ரொம்ப காலம் அது லாரிக்குன்னே இருந்துச்சு. டர்போவும், கணினி கட்டுப்படுத்தற உயர் அழுத்த இன்ஜெக்‌ஷனும் வந்த பிறகு கதை மாறிச்சு. 24 மணி நேரப் பந்தயத்துல எரிபொருள் நிரப்ப எத்தனை தடவை நிக்கிறோங்கறதும் வெற்றியைத் தீர்மானிக்கும் இல்லையா?

அதே ஆகஸ்ட்ல, அமெரிக்காவின் போன்வில் உப்புவெளியில ‘டீசல்மேக்ஸ்’ங்கற வண்டி மணிக்கு 563 கிலோமீட்டர் வேகம் தொட்டுச்சு. செஞ்சது யாரு தெரியுமா? நம்ம தெருவைத் தோண்ட வருமே, அதே ஜேசிபி கம்பெனி. இன்ஜினும் அவங்க மண்வாரி இன்ஜினை அடிப்படையா வச்சதுதான்.

எனக்குப் பிடிச்ச கதை மூணாவது. மேற்கு பிலடெல்பியாவுல ஒரு அரசுப் பள்ளி மாணவர்கள், ஸ்கூல் முடிஞ்ச பிறகு உட்கார்ந்து ஒரு ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார் கட்டினாங்க. மின்மோட்டாரோட சேர்த்து ஒரு டீசல் இன்ஜின். அதுக்குத் தீனி, சோயா எண்ணெய்ல செஞ்ச பயோடீசல். நின்ன இடத்துலேர்ந்து மணிக்கு 60 மைல் வேகத்துக்குச் சுமார் 4 நொடி. மைலேஜ், நம்ம கணக்குல லிட்டருக்கு 21 கிலோமீட்டருக்கு மேல. ‘டூர் டி சோல்’ போட்டியில 2006-ல முதல் பரிசு அவங்களுக்குத்தான்.

இங்க ஒரு கட்டுக்கதையை உடைக்கணும். ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினைக் கடலை எண்ணெய்க்காகவே வடிவமைச்சார்னு இணையத்துல சுத்திட்டிருக்கு. அப்படி இல்லை. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. அதுல ஆர்வமா இருந்தது பிரெஞ்சு அரசு. அவங்களோட ஆப்பிரிக்கக் காலனிகள்ல கடலை நிறைய விளைஞ்சுது, அவ்வளவுதான். ஆக, தாவர எரிபொருள் கதை ஆரம்பத்துலேயே ‘யாரோட நிலம்?’ங்கற கேள்வியோட பிறந்திருக்கு.

அந்தக் கேள்விக்கு வருவோம். ஒரு ஹெக்டேர் சோயாவிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 500 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். கிட்டத்தட்ட அதே அளவு பயோடீசல். அந்த மாணவர்களோட சிக்கனமான கார்ல ஊத்தினா சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடலாம். அதாவது, ஒரு காரோட ஒரு வருஷ ஓட்டத்துக்கு இரண்டரை ஏக்கர். உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல எத்தனை கார் நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க.

‘தரிசு நிலத்துல வளர்த்தா?’ன்னு கேப்பீங்க. இந்தியா அதைத்தான் நம்பிச்சு. காட்டாமணக்கு நட்டா போதும்னாங்க. 2009 உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள்ள 20 சதவீதக் கலப்புன்னு இலக்கு வச்சுது. தண்ணி இல்லாத இடத்துல செடி உயிரோட நிக்கும், ஆனா விதை கொடுக்காது. 2018-ல வந்த புதிய கொள்கை, பயோடீசல் இலக்கை 2030-க்குள் 5 சதவீதமா இறக்கிடுச்சு.

டீசலோட பெருமைக்கும் அடி விழுந்தது. 2015 செப்டம்பர்ல, ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் புகைச் சோதனையில மென்பொருள் வச்சு ஏமாத்துனது வெளிய வந்துச்சு. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள். அடுத்த வருஷக் கடைசியில ஆடி லு மானை விட்டே விலகியது.

அந்த மாணவர்கள் மேல எனக்கு இருக்கற மரியாதை குறையலை. இன்ஜின் சொன்னதைச் செஞ்சுது. நாமதான் இன்ஜின் ஜெயிச்சதைப் பார்த்துட்டு எரிபொருளும் ஜெயிச்சதா நினைச்சுட்டோம். 2006-ல லு மான்ல ஜெயிச்ச அந்தக் கார் பயோடீசல்ல ஓடலைங்கறதைக்கூட கவனிக்கலை.

இப்போ ஓட்டல்ல வடை சுட்ட எண்ணெயைச் சேகரிச்சு பயோடீசல் ஆக்கறாங்க. அதுக்குப் புதுசா நிலம் வேண்டாம். ஆனா ஒரு ஊர் எவ்வளவு வடைதான் சாப்பிடும்? அடுத்த தடவை யாராவது ‘பசுமை எரிபொருள்’னு சொன்னா, மைலேஜ் கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை ஏக்கர்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.