ஒன்பதாம் மாடிக்கு வந்த மாணவர்கள்



தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசரே நோயைப் பார்ப்பார். அவரே மருந்தைக் கலக்கிப் போத்தலில் ஊற்றியும் கொடுப்பார். நம் பெரியவர்களுக்கு இது பழகிய காட்சி. பெரிய மருத்துவமனைகளில் அப்படியில்லை. டாக்டர் மருந்தை எழுதுவார், மருந்தாளர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு காலத்தில் இவ்விருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே அபூர்வம்.

அமெரிக்க மருந்தாளர் சங்கம் 1952இல் ஒரு தொழில் ஒழுக்க விதியை வகுத்தது. டாக்டர் எழுதிய மருந்தில் என்ன இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்யும் என்று நோயாளியிடம் மருந்தாளர் பேசலாகாது என்பதே அந்த விதி. மருந்தைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் படித்தவர், எங்கோ ஒரு மூலை அறையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய விரயம், பாருங்கள்!

அதே காலத்தில் புதிய மருந்துகள் பெருகின. ஒரே நோயாளிக்கு ஐந்தாறு மருந்துகள் எழுதப்பட்டன. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் இரத்தப்போக்கு ஏற்படலாம். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அதையே ஊசியாகப் போட்டால் உயிருக்கே ஆபத்து. வேலைப்பளுவில் தவிக்கும் ஒரு டாக்டர் இவை அத்தனையையும் நினைவில் வைத்திருக்க முடியுமா?

சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1966இல் ஒரு முயற்சியில் இறங்கியது. மருத்துவமனையின் ஒன்பதாம் மாடியில், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இருந்த பகுதியிலேயே, ஒரு சிறு மருந்தகத்தைத் திறந்தார்கள். 'ஒன்பதாம் மாடித் திட்டம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மருந்தாளர்கள் டாக்டர்களோடு வார்டைச் சுற்றி வந்தார்கள். மருந்தியல் மாணவர்களுக்கும் அந்த வார்டே வகுப்பறையாயிற்று. புத்தகத்தில் படித்த மருந்து ஒரு மனிதரின் உடம்பில் என்ன செய்கிறது என்பதை அவர்கள் கட்டிலருகே நின்று கண்டார்கள். மருந்துச் சீட்டைப் பார்ப்பது, அளவு சரிதானா என்று கணக்கிடுவது, ஐயம் தோன்றினால் டாக்டரிடம் எடுத்துச் சொல்வது என்று வேலை பழகினார்கள். எழுதும் அதிகாரம் டாக்டரிடமே இருந்தது. அவர் எழுதியதை இன்னொரு கண்ணும் பார்த்தது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் சிறிய மாற்றமில்லை.

அத்திட்டத்திற்குத் துணைநின்ற பேராசிரியர் ஜெரி கோயான், 1979இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கே தலைவரானார். மருந்தாளர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. பேசலாகாது என்ற பழைய விதியும் 1969இல் கைவிடப்பட்டது.

நம் நாட்டில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972இல் மருந்தியல் படிப்பைத் தொடங்கியது. இன்று மருந்தியல் மாணவர்கள் பயிற்சிக்காக நம் மருத்துவமனை வார்டுகளுக்கும் வருகிறார்கள். வெள்ளைக் கோட்டு அணிந்த பிள்ளை ஒன்று உங்கள் கட்டிலருகே வந்து, "வீட்டில் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், சீன மருந்துக் கடையில் வாங்கிய பொடியையும் பாட்டி காய்ச்சித் தரும் கஷாயத்தையும் விடாமல் சொல்லிவிடுங்கள்.