க்ரோனிங்கன்: ஒரு மணற்கல்லின் கதை

நெதர்லாந்து என்றவுடன் நமக்குக் காற்றாலையும் துலிப் பூவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டு வீடுகளை அரை நூற்றாண்டு காலம் குளிரிலிருந்து காத்தது, பூமிக்கடியில் இருக்கும் ஒரு மணற்கல் படிவம்!

1959 ஜூலையில், வடகிழக்கே க்ரோனிங்கன் மாகாணத்தின் ஸ்லோக்டரன் என்ற ஊரருகே ஒரு வயலில் துளையிட்டபோது எரிவாயு கிடைத்தது. போகப் போகத்தான் அதன் அளவு தெரிந்தது. பரப்பு சுமார் 900 சதுர கிலோமீட்டர். இருப்பு சுமார் 2,80,000 கோடி கன மீட்டர்.

இவ்வளவு வாயு எப்படிச் சேர்ந்தது? மூன்று அடுக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது 30 கோடி ஆண்டுப் பழமையான நிலக்கரி. வாயு பிறந்தது அங்கேதான். அதன்மேல், சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் மணற்கல். பெர்மியன் காலத்தில் அந்த இடம் பாலைவனம். காற்றும் காட்டாறுகளும் குவித்த மணல் இறுகிக் கல்லானது. அதன் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில்தான் வாயு தங்கியது. மேலே, வற்றிய கடல் விட்டுப்போன உப்புப் படிவம் மூடிபோல் அமைந்து, வாயுவைத் தப்பவிடாமல் அடைத்தது.

1963இல் உற்பத்தி தொடங்கியது. அரசுக்குக் கிடைத்த மொத்த வருமானம் சுமார் 36,000 கோடி யூரோ.

ஆனால் இடைவெளிகளில் இருந்த வாயுவின் அழுத்தமும் மேலிருந்த பாறைகளின் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்தது, எடை முழுவதும் மணல் துகள்கள் மேல் விழுந்தது, கல் நசுங்கியது. நிலம் தாழ்ந்தது, பழைய பிளவுகள் நழுவின. 1991இல் முதல் நிலநடுக்கம் பதிவானது. 2012 ஆகஸ்ட் 16இல் ஹாய்சிங்கே கிராமத்தில் 3.6 அளவில் அதிர்ந்தது. எண் சிறியதுதான். ஆனால் ஆழம் குறைவு, மண்ணோ மென்மையானது. செங்கல் வீடுகள் விரிசல் விட்டன.

உற்பத்தியைக் குறைக்கும்படி சுரங்கக் கண்காணிப்புத் துறை 2013 ஜனவரியில் எச்சரித்தது. ஆனால் அதே ஆண்டு எடுக்கப்பட்ட வாயு, முந்தைய ஆண்டைவிட அதிகம்! மக்களின் பாதுகாப்பைவிட வருமானமே பெரிதாக இருந்தது என்பதை 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழு வெளிப்படையாகச் சொன்னது. 2023 அக்டோபர் 1இல் உற்பத்தி நின்றது. 2024இல் சட்டப்படி நிரந்தரமாக மூடப்பட்டது.

சுமார் 45,000 கோடி கன மீட்டர் வாயு இன்னும் உள்ளேயே இருக்கிறது. அழுத்தம் சமநிலைக்கு வரும்வரை அதிர்வுகளும் தொடரும். கல்லில் இருந்த எந்த இடைவெளிகள் ஒரு நாட்டுக்குச் செல்வம் கொடுத்தனவோ, அதே இடைவெளிகள்தான் க்ரோனிங்கன் மக்களின் சுவர்களில் விரிசலாகவும் வந்து சேர்ந்தன. செல்வம் நாடு முழுவதற்கும் போனது, விரிசல் மட்டும் அவர்களுக்கே!