இசைவு யாருடைய சொல்?

(பாலியல் வன்முறை வழக்குகள் பற்றிய குறிப்புகள் இப்பதிவில் உள்ளன.)

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று சொல்லிப் பழகிய சமூகம் நாம். இப்பழமொழி வீட்டுப் பேச்சோடு நின்றிருந்தால் இப்பதிவுக்குத் தேவை இருந்திராது. ஆனால், கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இந்திய நீதிமன்றமும் மருத்துவப் பரிசோதனையும் திரைப்படமும் பெண்ணின் இசைவைப் புரிந்துகொண்ட முறை பெரும்பாலும் இப்பழமொழியின் வழியிலேயே அமைந்தது என்பது என் கருத்து. பெண் என்ன சொன்னாள் என்று கேட்பதை விட்டு, அவளுடைய வயதையும் உடலையும் மௌனத்தையும் பிறர் படித்துத் தீர்ப்புச் சொன்ன வரலாறு இது.

பம்பாயைச் சேர்ந்த ருக்மாபாய்க்கு 11 வயதில் திருமணம் நடந்தது. வளர்ந்தபின் கணவருடன் வாழ அவர் மறுத்தார். கணவர் தாதாஜி பிகாஜி 1884இல் வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில் தன் இசைவின்றி நடந்த திருமணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பதே ருக்மாபாயின் நிலைப்பாடு. 1885இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்குப் பின் 1887இல் தீர்ப்பு மாறியது. கணவரோடு வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் வரை சிறை. சிறைக்குச் செல்லத் தயார் என்றார் அவர். 1888இல் பணம் கொடுத்து வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் இலண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் இராஜ்கோட்டிலும் மருத்துவராகப் பணியாற்றினார். பெண்ணின் விருப்பத்தை மையமாக வைத்துக் காலனிய இந்திய நீதிமன்றத்தில் எழுந்த முக்கியமான கேள்வி அவருடையது. சட்டம் அதற்கு விடை சொல்லவில்லை.

அடுத்து எழுந்த கேள்வி உடலைப் பற்றியது. பத்து வயதைக் கடந்திருந்த புல்மோனி தாசி, கணவன் ஹரி மோகன் மைத்தி உறவு கொண்டதில் ஏற்பட்ட காயத்தால் இறந்தாள். 1890இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இவ்வழக்கை விசாரித்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, மனைவிக்குப் பத்து வயது நிறைந்துவிட்டால் கணவன்மீது வன்புணர்வுக் குற்றம் சாட்ட இயலாது. எனவே, கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்காக ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே விதிக்கப்பட்டது. இந்தியாவில் பணியாற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண் மருத்துவர்கள், தாங்கள் சிகிச்சை அளித்த சிறுமி மனைவியரின் காயங்களைப் பட்டியலிட்டு அரசுக்கு மனு அனுப்பினர். 1891ஆம் ஆண்டின் சட்டம் அவ்வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. திலகர் அதை எதிர்த்தார். வங்காளத்தில் கடுமையாக எதிர்த்தெழுதிய 'பங்கபாசி' இதழ்மீது இராஜத் துரோக வழக்கே தொடரப்பட்டது.

இருதரப்பும் எதைப் பற்றி வாதிட்டன? பூப்பு எப்போது நிகழ்கிறது, சாத்திரம் கர்ப்பாதானத்தை எப்போது விதிக்கிறது, அந்நிய அரசு வீட்டுக்குள் நுழையலாமா என்பன பற்றியே. சிறுமியின் விருப்பம் அவ்விவாதத்தின் பொருளாகவில்லை. 'இசைவு வயதுச் சட்டம்' என்ற பெயரில் மட்டும் இசைவு இருந்தது. உள்ளே இருந்தது வயது.

விடுதலைக்குப் பின்னும் உடலைப் படிக்கும் வழக்கம் தொடர்ந்தது. 1972இல் மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்சு காவல் நிலையத்தில், 'மதுரா' என்று சட்ட வரலாறு அறியும் பழங்குடிச் சிறுமியைக் காவலர்கள் வன்புணர்ந்தனர் என்பது வழக்கு. அமர்வு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு, அச்சத்தால் செயலற்றுப் பணிவது வேறு, இசைவு வேறு என்று பிரித்துக் காட்டித் தண்டனை வழங்கியது. பொருண்மையியல் மாணவர்கள் படிக்க வேண்டிய வேறுபாடு இது. உச்ச நீதிமன்றமோ 1978இல், உடலில் காயம் இல்லை, கூக்குரல் எழவில்லை என்பவற்றைச் சுட்டி அவர்களை விடுதலை செய்தது. உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதமும், தொடர்ந்த பெண்கள் போராட்டமும் 1983ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. எனினும், பாதிக்கப்பட்டவரின் 'பழக்கத்தை' அளப்பதாகச் சொல்லிக்கொண்ட இருவிரல் பரிசோதனை மருத்துவமனைகளில் நீடித்தது. அதற்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை. அது பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் கூற 2013 வரை ஆயிற்று.

வெகுசனப் பண்பாடு இதே காலத்தில் என்ன கற்பித்தது? 1980இல் வெளிவந்த 'இன்சாஃப் கா தராசு' நீதிமன்றத்தை விமர்சித்த அதே வேளையில் வன்புணர்வைக் காட்சிப்பொருளாகவும் ஆக்கியது. 1989இல் வந்த 'புதிய பாதை'யில், தன்னை வன்புணர்ந்தவனையே தேடிச் சென்று திருத்தி மணக்கிறாள் நாயகி. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. நாயகன் பின்தொடர்ந்து தொல்லை தரத் தர நாயகியின் சினம் புன்னகையாக மாறும் எண்ணற்ற படங்களைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 'அவளைச் சம்மதிக்க வைத்தான்' என்று அக்கதைகளை இயல்பாகச் சுருக்கிச் சொல்கிறோம். இத்தொடரின் இலக்கணத்தைக் கவனியுங்கள். சம்மதித்தல் என்னும் வினைக்கு எழுவாயாக நிற்க வேண்டியவள், பிறவினையில் செயப்படுபொருளாகிவிடுகிறாள்.

'பிங்க்' (2016), அதன் தமிழ் வடிவமான 'நேர்கொண்ட பார்வை' (2019) ஆகியவை, மறுப்பு என்றால் மறுப்புத்தான் என்பதைப் பெருந்திரளிடம் கொண்டு சென்றன. அது பெரிய மாற்றமே. ஆயினும் சட்டம் அதற்கு முன்பே ஓரடி மேலே சென்றிருந்தது. 2013ஆம் ஆண்டின் திருத்தம், சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ பெண் தானே ஐயமற வெளிப்படுத்தும் விருப்பமே இசைவு என்று வரையறுத்தது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் இசைந்தாள் எனக் கொள்ளலாகாது என்றும் சொன்னது. மௌனம் சம்மதமன்று என்பது இன்று இந்தியச் சட்டம்.

ஆனால், மனைவிக்கு அச்சட்டம் இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வாகாது என்ற விதிவிலக்கைத் தக்கவைத்துக்கொண்டது. பத்து பன்னிரண்டாகி, இன்று பதினெட்டாகியுள்ளது. எண் மாறியதே தவிர, வாக்கியத்தின் அமைப்பு 1860இல் இருந்ததுதான். 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு இதில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் தேவைக்கு மட்டும், கணவனின் வன்புணர்வும் வன்புணர்வே என்று கூறியது. ஆக, இன்று ஒரு மனைவி அதனால் நேர்ந்த கருவைக் கலைக்க மருத்துவமனைக்குச் சென்றால், நடந்ததற்கு ஒரு பெயர் உண்டு. காவல் நிலையத்துக்குச் சென்றால் அப்பெயர் இல்லை.

இவ்விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. குடும்பம் சிதையும், பொய் வழக்குகள் பெருகும் என்ற அச்சங்களை நான் அறியாமல் இல்லை. குடும்பத்தைக் காட்டி எழுப்பப்பட்ட அச்சத்தை 1891இலும் கேட்டிருக்கிறோம். சான்றுகளை ஆராய்ந்து பொய்யைப் பிரித்தறிவது எல்லாக் குற்றங்களிலும் நீதிமன்றம் செய்யும் பணிதான். அதற்காக ஒரு சாராரின் சொல்லையே முன்கூட்டிச் செல்லாததாக்குவது நீதியாகாது. தன் விருப்பம் கேட்கப்படாத திருமணத்தைப் பற்றி ருக்மாபாய் எழுப்பிய கேள்வி, விருப்பம் கேட்கப்பட்டு மணந்தவளுக்கும் இன்று பொருந்துகிறது: ஒருமுறை சொன்ன சொல், பிறகு சொல்லப்படும் எல்லா மறுப்புகளையும் அழித்துவிடுமா? சட்டம் இதற்கு இன்னும் விடை சொல்லவில்லை.