சிமெண்ட் ஆத்துச் சுவத்துல ஒரு வரலாறு

வாய்க்காலுக்குச் சிமெண்ட் போட்டா தண்ணி வேகமா போகும். ஆனா பூமிக்குள்ள இறங்காது, கரையில நாணல் முளைக்காது, தவளை கத்தாது. இது எந்த விவசாயிக்கும் தெரியும். அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன்னோட ஆத்துக்கே இப்படிச் சிமெண்ட் போட்டது. அந்தச் சுவத்துல பின்னாடி பிள்ளைங்க இறங்கி வரைஞ்ச ஓவியத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

1938 மார்ச் மாசம் அங்க பெரிய வெள்ளம். நூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் அமெரிக்க ராணுவத்தோட பொறியாளர் படை ஆத்தையும் அதோட கிளைகளையும் நேராக்கி கான்கிரீட் கால்வாயா மாத்திருச்சு. வெள்ளம் அடங்குச்சு, கூடவே ஆறும் போயிருச்சு. சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குல இருக்கற துஹங்கா கால்வாய் அப்படி ஆனதுல ஒண்ணு.

1974ல அந்தக் கால்வாய்ப் பகுதியை அழகுபடுத்தறதுக்கு அதே பொறியாளர் படை ஜூடித் பாக்காங்கற ஓவியரைக் கூப்பிட்டுச்சு. மெக்சிகோ வழிவந்த குடும்பத்துல, அதே நகரத்துல பிறந்தவங்க அவங்க. பூவும் பறவையும் வரைஞ்சு கொடுத்திருந்தாலே வேலை முடிஞ்சிருக்கும். அவங்க கலிஃபோர்னியாவோட வரலாற்றையே வரையறதுன்னு முடிவெடுத்தாங்க. அதுவும் பாடப்புத்தகத்துல இடம் கிடைக்காத சனங்களோட வரலாறு.

1976 கோடையில 80 பிள்ளைங்களோட வேலை தொடங்குச்சு. அதுல பல பேர் போலீஸ், சிறார் நீதிமன்றம்னு அலைஞ்சவங்க. வேற வேற இனம், வேற வேற தெரு, தெருவுக்குத் தெரு பகை. அவங்களுக்குக் கூலி கொடுத்து, வரலாறு படிச்சவங்களையும் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவங்களையும் கூட்டிவந்து பேச வெச்சு, கேட்டதைப் படமாக்கினாங்க. கால்வாய் காய்ஞ்சு கிடக்கற கோடையிலதான் இறங்க முடியும். அப்படி 1983க்குள்ள 5 கோடை, 400க்கு மேற்பட்ட இளைஞர்கள். சுவத்தோட உயரம் 13 அடிக்கு மேல, நீளம் 2,754 அடி. சும்மா பார்த்துக்கிட்டே நடந்தாலும் பத்து நிமிஷம் ஆகும்.

என்ன வரைஞ்சாங்கன்னு கேளுங்க. பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள் வர்றாங்க. 1871ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல சீனர்களைக் கும்பல் அடிச்சுக் கொன்னது வருது. 1930கள்ல புல்வெளியை உழுது தள்ளி, மழையும் பொய்ச்சு, மண்ணே காத்துல பறந்தப்போ ஊரைவிட்டுப் பிழைக்க வந்த விவசாயிங்க வர்றாங்க. அதே பத்தாண்டுல மெக்சிகோ சனங்களை ரயில் ஏத்தி அனுப்பினாங்க. அதுல அமெரிக்காவுலயே பிறந்தவங்களும் உண்டு.

1942ல ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாமுக்குக் கொண்டுபோனதும் சுவத்துல இருக்கு. அதுல நிறைய பேர் விவசாயிங்க. நின்ன பயிரை அப்படியே விட்டுட்டுப் போனாங்க. விளைஞ்சு நிக்கற வயலைத் திரும்பிப் பார்த்துட்டு வண்டியேறறது எப்படி இருந்திருக்கும்னு எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

1950களுக்கு வந்தா, பாம்பு மாதிரி நெளியற நெடுஞ்சாலை ஒரு குடும்பத்துக்கு நடுவுல புகுந்து பிரிக்குது. சாவெஸ் ரவீன்ங்கற மெக்சிகோ குடியிருப்பு மேல விளையாட்டு மைதானம் பறக்கும் தட்டு மாதிரி வந்து இறங்குது. அந்த மைதானம் இன்னைக்கும் அங்க இருக்கு, குடியிருப்புதான் இல்ல.

பல இனம் சேர்ந்து வாழற ஊருன்னு காட்டறதுக்கு வழக்கமா என்ன வரைவாங்க? ஆளுக்கொரு உடுப்பு மாட்டி, கைகோத்துச் சிரிக்கற நாலு முகம். பார்க்க நல்லாத்தான் இருக்கும், யாருக்கும் சங்கடம் இருக்காது. ஆனா பக்கத்துல நிக்கறவன் எங்கிருந்து வந்தான், எதை இழந்துட்டு வந்தான்னு அந்தச் சிரிப்பு சொல்லாது. அது தெரியாம ஒருத்தரை ஒருத்தர் மதிக்கிறது கஷ்டம். துஹங்கா சுவத்துல தூரிகை பிடிச்ச பிள்ளைங்க தங்க தாத்தா பாட்டி பட்டதை வரைஞ்சாங்க. பக்கத்துத் தெருக்காரனோட தாத்தா பட்டதையும் வரைஞ்சாங்க. ரெண்டாவதுதான் பெருசுன்னு நான் நினைக்கிறேன்.

2011ல சுவத்தைப் பழுது பார்த்தாங்க. 2017ல அமெரிக்காவோட தேசிய வரலாற்று இடங்கள் பட்டியல்ல சேர்த்தாங்க. 1950களோட நின்ன வரலாற்றை 1960கள்ல இருந்து நீட்டற வேலையும் தொடங்கிருச்சு. கால்வாய் நீளமானது, சுவத்துல இடம் இன்னும் நிறைய இருக்கு. வரைய வேண்டியவங்களும் நிறைய பேர் இருக்காங்க.